பாகு கொட்டிய கைக்கு நானோ மஞ்சள் ஜெல் போடலாமா?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திசையன்விளைப் பக்கம் உங்கள் விடிலியில், அதாவது பனையோலைக் கொட்டகையில், கருப்பட்டி காய்ச்சும்போது அம்மாவின் வலது முன்கையில் பாகு கொட்டிவிட்டது. பன்னிரண்டு நாள் ஆகிறது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியில் காட்டிக் கட்டுப் போட்டு வருகிறீர்கள். முழங்கைப் பக்கம் நன்றாக ஆறிவிட்டது. மணிக்கட்டுக்குச் சற்று மேலே, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் வெளுத்துப்போய் அப்படியே நிற்கிறது. இதற்குள் உங்கள் மச்சான் போனில் ஒரு விளம்பரத்தைக் காட்டியிருக்கிறார். மஞ்சளும் வல்லாரையும் சேர்ந்த நானோ ஜெல்லாம், செல்லுக்குள்ளேயே போய் வேலை செய்யுமாம், தழும்பே வராதாம், சின்ன ட்யூப் எண்ணூறு ரூபாய். ‘இது அறிவியலா, ஏமாற்றா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதில் இரண்டு கேள்விகள் ஒன்றாகக் கிடக்கின்றன. நானோ முறையில் மூலிகைச் சத்தைத் தீக்காயத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியுமா என்பது ஒன்று. அந்த ட்யூபை அம்மா கையில் தடவலாமா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ‘முடியும்’, இரண்டாவதற்கு ‘இப்போது வேண்டாம்’ என்பது என் பதில். இரண்டும் முரண் இல்லை என்பதைத்தான் விளக்கப் போகிறேன்.

நான் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் பார்மசி மாணவர்களுக்குக் களிம்பு, கிரீம், ஜெல் செய்கிற பாடம் நடத்துகிறவன். அதற்கு முன் ஒரு ஆஸ்பத்திரி பார்மசியில் இருந்து தீக்காய வார்டுக்கு மருந்து கொடுத்த வருஷங்கள் உண்டு. அதனால் மருந்து எப்படிச் செய்யப்படுகிறது, புண்ணில் அதற்கு என்ன ஆகிறது என்பதைச் சொல்ல முடியும். நீங்கள் போட்ட போட்டோவைப் பார்த்துக் காயத்தின் ஆழத்தைச் சொல்ல என்னால் முடியாது. அனுபவமுள்ள சர்ஜன்கள்கூட நேரில் தொட்டுப் பார்த்துத்தான் சொல்வார்கள், அதிலும் சில சமயம் இரண்டு மூன்று நாள் கழித்து மாற்றிச் சொல்வார்கள்.

முதலில் காயத்தைப் பற்றி. பாகுக் காயம் வெந்நீர்க் காயம் மாதிரி இல்லை. வெந்நீர் வழிந்து ஓடிவிடும். பாகு நூறு டிகிரியைத் தாண்டிய சூட்டில் தோலில் ஒட்டிக்கொண்டு, ஆறுகிற வரைக்கும் சுட்டுக்கொண்டே இருக்கும். அதனால்தான் ஒரே கையில் ஓர் இடம் மேலோட்டமாகவும் இன்னோர் இடம் ஆழமாகவும் வெந்திருக்கும். மேல்தோலும் அதன் கீழே உள்தோலின் மேற்பகுதியும் மட்டும் வெந்திருந்தால், மயிர்க்கால்களிலும் வியர்வைச் சுரப்பிகளிலும் மிஞ்சியிருக்கிற செல்கள் பெருகிப் பரவித் தோலை மூடிவிடும். இரண்டு வாரத்துக்குள் ஆறுகிற காயம் பெரும்பாலும் தடித்த தழும்பு விடாது. மூன்று வாரத்தைத் தாண்டினால் தடித்த தழும்பு வருகிற வாய்ப்பு மிக அதிகம். தீக்காயத் தழும்பைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவற்றில் இது முக்கியமானது. ‘இந்த ஜெல் போட்டேன், பத்தே நாளில் தழும்பில்லாமல் ஆறியது’ என்று யாராவது எழுதியிருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. மேலோட்டமான காயம் சுத்தமாக மூடிவைத்திருந்தாலே அப்படித்தான் ஆறியிருக்கும். உங்கள் அம்மாவின் முழங்கைப் பக்கமே அதற்குச் சாட்சி.

இனி நானோவுக்கு வருகிறேன். மூலிகைச் சத்துகளில் பலவற்றுக்கு ஒரே சிக்கல்தான். ஆய்வகத் தட்டில் வளர்த்த செல்லின் மேல் விட்டால் பிரமாதமாக வேலை செய்யும், உடம்பில் போட்டால் ஒன்றும் நடக்காது. மஞ்சளில் இருக்கிற குர்குமினை எடுத்துக்கொள்ளுங்கள். அழற்சியைத் தணிக்கும், கிருமிகளை ஓரளவு அடக்கும் என்பதற்கு ஆய்வகச் சான்று நிறைய உண்டு. ஆனால் மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு இரண்டிலிருந்து ஐந்து பங்குதான். பிரித்தெடுத்த குர்குமினைத் தண்ணீரில் போட்டால் கரையாது. எவ்வளவு கலக்கினாலும் ஆரஞ்சு நிறத் துகளாக மேலே மிதக்கும், கொஞ்சம் அடியில் படியும், கண்ணாடி முழுக்கக் கறை பிடிக்கும். சரி, சாராயத்தில் கரைத்துத் தண்ணீரில் ஊற்றலாம் என்றால் கலங்கி மறுபடி துகளாகப் பிரிந்துவிடும். முதல் வருஷ மாணவர்கள் இதோடு படும் பாட்டைப் பார்க்க வேண்டும். கரைந்தாலும் நிலைக்காது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கிறதே, காரத்தன்மை பட்டதும் குர்குமின் மாறுவதுதான் அது. அப்படி மாறியது மெல்லச் சிதையவும் ஆரம்பிக்கும். சுண்ணாம்பு அளவுக்குக்கூட வேண்டாம். உடம்புச் சூட்டில், ரத்தத்துக்கு இருக்கிற அளவு மிகச் சிறிய காரத்தன்மையில், புரதம் எதுவும் சேராத கரைசலில் வைத்தால் அரை மணி நேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிதைந்துவிடும். புரதம் இருந்தால் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். வெளிச்சம் பட்டாலும் சிதையும். நல்ல தோல் லேசான அமிலத்தன்மையோடு இருக்கும், தோல் போன புண் காரத்தின் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

வல்லாரைக்கு வேறு தொல்லை. அதன் முக்கியச் சத்தான ஏசியாட்டிகோசைடு உள்தோல் செல்களைக் கொலாஜன் என்கிற, தோலுக்கு உறுதி தரும் புரதத்தை உண்டாக்கத் தூண்டும். ஆனால் பெரிய மூலக்கூறு, எடை ஏறத்தாழ 959 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு). ஐந்நூறு டால்டனைத் தாண்டியது காயமில்லாத முழுத் தோலைக் கடந்து உள்ளே போவது கடினம் என்பது எங்கள் துறையில் எல்லோரும் சொல்கிற கணக்கு.

இந்த இரண்டு சிக்கலுக்கும் பதிலாகத்தான் நானோ வந்தது. சத்தைக் கொழுப்பாலோ பாலிமராலோ ஆன மிக நுண்ணிய உருண்டைக்குள் அடைத்துவிடுவார்கள். ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர். நூறு நானோமீட்டர் வரைதான் நானோ என்பது கறாரான கணக்கு, மருந்து செய்கிறவர்கள் சில நூறு வரைக்கும் அப்படித்தான் சொல்கிறார்கள். லைப்போசோம், நானோ எமல்ஷன், திடக் கொழுப்புத் துகள் என்று பல வகை உண்டு. உள்ளே இருக்கும் குர்குமின் தண்ணீரோடு கலந்ததுபோல் பரவும், சீக்கிரம் சிதையாது, மெதுவாக வெளியே வரும். இதெல்லாம் சந்தேகமில்லாத விஷயம். எங்கள் ஆய்வகத்திலேயே செய்து அளந்து பார்க்கிறோம்.

சந்தேகம் ஆரம்பிக்கிற இடம் இனிமேல்தான். தோலுக்கான நானோ ஜெல்களில் பெரும்பாலானவை முழுத் தோலைக் கடப்பதற்காக வடிவமைக்கப்பட்டவை. அழகு கிரீம், முட்டுவலி ஜெல் எல்லாம் அந்த ரகம். அங்கே தடையாக நிற்பது மேல்தோலின் உச்சியில் இருக்கிற காய்ந்த படலம். தீக்காயத்தில் அந்தப் படலமே போய்விட்டது. கதவு உடைந்து கிடக்கிற வீட்டுக்குச் சாவி செய்து தருவது போலத்தான் ‘ஊடுருவிச் செல்லும்’ என்ற விளம்பரம். புதுத் தீக்காயத்தில் மருந்து உள்ளே போவது பெரிய பிரச்சினை இல்லை, அது அங்கேயே தங்குவதுதான் பிரச்சினை. நீர் கசிந்து மருந்தைக் கழுவிக்கொண்டே இருக்கும், ஒவ்வொரு முறை கட்டுப் பிரிக்கும்போதும் துடைத்துப் போய்விடும். ஆழமான இடத்தில் செத்த தோல் பொருக்காக மேலே கிடக்கும். அதற்கு மேல் எந்தச் சத்தைத் தடவினாலும் செத்த தோலுக்குத்தான் வைத்தியம்.

இன்னொன்று. ஊடுருவ வைப்பதற்காக அந்த ஜெல்களில் சோப்பு போன்ற பரப்பிழுவிசைப் பொருள்களையும் கரைப்பான்களையும் தாராளமாகச் சேர்ப்பார்கள். முழுத் தோல் அதைத் தாங்கும். திறந்த புண்ணில் புதிதாக முளைக்கிற செல்களுக்கு அதே பொருள்கள் நஞ்சாகலாம். ‘செல்லுக்குள்ளேயே போகும்’ என்பதும் அவ்வளவு சந்தோஷப்பட வேண்டிய செய்தி இல்லை. தடையில்லாத இடத்தில் நுண்துகள் ரத்தத்துக்கும் போகலாம். கொழுப்புத் துகளாக இருந்தால் உடம்பு செரித்துவிடும், உலோகத் துகளாக இருந்தால் அப்படி விட்டுவிட முடியாது.

இதை உணர்ந்து வேலை செய்கிற ஆராய்ச்சியாளர்கள் ஜெல்லை விட்டுவிட்டுக் கட்டுத்துணிப் பக்கம் போயிருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இருப்பதும் அங்கேதான். பாலிமர்க் கரைசலை ஊசியில் நிரப்பி, பத்து இருபதாயிரம் வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால் ஊசி நுனியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இழை பறந்து எதிரே இருக்கிற தகட்டில் விழும். பார்த்துக்கொண்டே இருந்தால் தகட்டில் வெள்ளைப் படலம் மெல்ல அடர்ந்துகொண்டே வரும். குர்குமின் சேர்த்திருந்தால் எலுமிச்சை மஞ்சள். உரித்தெடுத்தால் டிஷ்யூ பேப்பர் மாதிரி இருக்கும், ஈரம் பட்டதும் புண்ணோடு படிந்துகொள்ளும். காற்று போகும், கசிவை உறிஞ்சும், சத்தை நாள்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். இந்த வேலைக்கு அதிகம் பயன்படுகிற பாலிமர்களில் ஒன்று கைட்டோசான். இறால் ஓட்டிலிருந்தும் நண்டு ஓட்டிலிருந்தும் எடுப்பது. தூத்துக்குடி இறால் கம்பெனிகளில் மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்து போகிறோமே, அந்தக் கழிவுதான் மூலப்பொருள். கைட்டோசானுக்கு ரத்தத்தை உறைய வைக்கும் குணமும் கிருமியைத் தடுக்கும் குணமும் உண்டு. ரத்தப்போக்கை நிறுத்தும் கட்டாக அது ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது.

அப்புறம் ஏன் ‘வேண்டாம்’ என்கிறேன்? மூலிகைச் சத்து ஏற்றிய நானோ மருந்துகளின் தீக்காயச் சான்றில் மிகப் பெரும் பகுதி எலியின் முதுகில் நிற்கிறது. சூடாக்கிய உலோகத்தைச் சில நொடி வைத்து ஒரே அளவுக் காயம் உண்டாக்கி, ஒரு குழுவுக்கு மருந்து, ஒரு குழுவுக்கு வெறும் ஜெல். முடிவு பெரும்பாலும் நன்றாகவே வரும். ஆனால் எலியின் தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய தசைப்படலம் இருக்கிறது. அது காயத்தைச் சுருக்கி இழுத்தே மூடிவிடும். மனிதத் தோல் அப்படிச் சுருங்கி ஆறுவது குறைவு, செல்கள் ஊர்ந்து பரவித்தான் மூட வேண்டும். மணிக்கட்டுப் பக்கம் தோல் சுருங்கினால் அதுவே ஊனம். எலியில் ‘சீக்கிரம் மூடியது’ என்பதை அப்படியே அம்மா கைக்குப் பொருத்த முடியாது.

மனிதரில் நிரூபித்துக் காட்டியவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். எனக்கு இந்தத் துறையிலேயே ரொம்பப் பிடித்த உதாரணம் அன்னாசி. அதன் தண்டிலிருந்து எடுக்கும் புரோமலைன் நொதிகளைக் கொண்ட மருந்தை ஆழமான தீக்காயத்தில் நான்கு மணி நேரம் வைத்தால் செத்த தோலை மட்டும் கரைத்து, உயிருள்ளதை விட்டுவிடும். கத்தி வைத்துச் செதுக்குவது குறையும். ஐரோப்பாவில் 2012-லும் அமெரிக்காவில் 2022-லும் அனுமதி கிடைத்தது. (இதைப் படித்துவிட்டு யாரும் அன்னாசிச் சாற்றைப் புண்ணில் பிழிய வேண்டாம். அந்த மருந்தையே வலிக்கு மருந்து கொடுத்து ஆஸ்பத்திரியில்தான் வைப்பார்கள்.) இன்னொன்று, குளிர்நாடுகளில் வளரும் பிர்ச் மரத்தின் பட்டைச் சத்தைச் சூரியகாந்தி எண்ணெயில் சேர்த்துச் செய்த களிம்பு. தோலின் ஒரு பகுதி மட்டும் போன காயங்களுக்கு 2016-ல் ஐரோப்பிய அனுமதி பெற்றது. அதைச் சோதித்த விதம் அழகு. ஒரே ஆளின் ஒரே காயத்தில் பாதிக்கு இந்தக் களிம்பு, மீதிக்கு வழக்கமான சிகிச்சை, எந்தப் பாதியில் எது போட்டது என்று தெரியாதவர்கள் போட்டோ பார்த்து, எந்தப் பாதி முதலில் மூடியது என்று சொல்ல வேண்டும். இந்த இரண்டு மருந்திலும் சத்தை நானோ உருண்டைக்குள் அடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

நானோ பக்கம் தீக்காயத்தில் நிலைபெற்றது வெள்ளிதான். நுண்படிக வெள்ளி பூசிய கட்டுத்துணி 1990-களின் கடைசியிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது. சில்வர் சல்ஃபாடயசின் என்கிற வெள்ளைக் களிம்பைத் தினமும் துடைத்துப் போட வேண்டும், இந்தத் துணியை இரண்டு மூன்று நாள் விட்டுவைக்கலாம். கட்டுப் பிரிக்கும் வலி எப்படிப்பட்டது என்று உங்கள் அம்மாவைக் கேளுங்கள், அந்த வித்தியாசத்தின் அருமை புரியும். ஆக, தீக்காயத்தில் தேறிய மூலிகை மருந்து உண்டு, தேறிய நானோ உண்டு. மஞ்சளையோ வல்லாரையையோ நானோவில் ஏற்றித் தீக்காயத்துக்கு இதே கண்டிப்போடு நிரூபித்துக் கடைக்கு வந்த மருந்து எனக்குத் தெரிந்தவரை இன்னும் இல்லை.

வெள்ளியைச் சொன்னதால் ஒரு விஷயத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும். நம் பக்கத்துக் கல்லூரிகளில் ‘மூலிகை நானோ’ என்று செய்யப்படுவதில் நிறைய வேறு சங்கதி. குப்பைமேனியோ வெட்டுக்காயப் பூண்டோ எடுத்துக் கஷாயம் வைத்து, அதை சில்வர் நைட்ரேட் கரைசலில் சேர்ப்பார்கள். வெளிர் மஞ்சளாக இருந்தது கொஞ்ச நேரத்தில் காபி நிறத்துக்கு வந்துவிடும். வெள்ளி நுண்துகள் உண்டாகிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். நல்ல பாடம், செலவும் குறைவு. ஆனால் அங்கே இலையின் வேலை வெள்ளி அயனியைத் துகளாக மாற்றுவதும் அது ஒன்றோடொன்று ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும்தான். கிருமியைக் கொல்வது பெரும்பாலும் வெள்ளி. விளம்பரத்தில் மட்டும் இலை பெரிதாக இருக்கும்.

‘நம் பாட்டி காலத்திலிருந்து மஞ்சள் போடுகிறோமே’ என்று உங்கள் கேள்விக்குக் கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். புண்ணாற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-ல் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை கொடுத்தார்கள், நம் மத்திய அரசின் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆர். எதிர்த்து வாதாடி 1997-ல் அது ரத்தானது. பெருமையான கதைதான். ஆனால் அங்கே முடிவானது ‘இது புதிய கண்டுபிடிப்பு இல்லை’ என்பது மட்டுமே. தீக்காயம் எவ்வளவு சீக்கிரம் ஆறும் என்று அந்த வழக்கில் யாரும் அளக்கவில்லை. சித்த மருத்துவத்தையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. எண்ணெயில் கரைகிற சத்தைத் தைலமாகக் காய்ச்சிப் புண்ணுக்குக் கொண்டுபோவது, ஏற்றிச் செல்லும் பொருளைப் பற்றிய நல்ல யோசனைதான். 1964-லிருந்து சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிற ஊரில் இருந்துகொண்டு வேறு மாதிரி பேச முடியுமா? ஆனால் மத்தன் தைலம் போன்றவற்றில் துருசு (மயில்துத்தம், செம்பு உப்பு) இருக்கிறது. எந்தப் புண்ணுக்கு, எந்தக் கட்டத்தில் என்பதைப் படித்த சித்த மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும். சமையலறை மஞ்சள்தூளைப் பச்சைப் புண்ணில் கொட்டுவது இதில் எதிலும் சேராது. அது சுத்திகரித்த பொருள் கிடையாது, கலப்படமும் உண்டு. போதாததற்குப் புண்ணின் நிறத்தை மறைத்து, ஆழத்தைக் கணிக்க முடியாமல் செய்துவிடும். இட்லி மாவு, பற்பசை, பேனா மை எல்லாவற்றுக்கும் இதே பதில்தான். சுட்ட உடனே வீட்டில் செய்ய வேண்டியது, ஓடுகிற குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுவது. ஐஸ் வேண்டாம்.

அந்த ட்யூபை நான் கையில் வாங்கினால் பார்ப்பது சில விஷயங்கள். மருந்தாக உரிமம் வாங்கியதா, அழகுப் பொருளாக விற்கிறார்களா? அழகுப் பொருள் என்றால் தீக்காயத்தை ஆற்றும் என்று சொல்லவே சட்டத்தில் இடமில்லை. குர்குமின் எத்தனை சதவீதம், துகளின் அளவு என்ன என்று போட்டிருக்கிறதா? எல்லாவற்றையும் விட, கிருமிநீக்கம் செய்தது என்று எழுதியிருக்கிறதா? கடுமையாகக் காயம்பட்ட தோலில் போடுகிற களிம்பு கிருமியற்றதாக இருக்க வேண்டும் என்பது எங்களுக்கு அடிப்படைப் பாடம். நீங்கள் அனுப்பிய படத்தில் இந்த விவரம் ஒன்றுகூட இல்லை. வாசனைத் திரவியம் சேர்த்திருப்பதாக மட்டும் போட்டிருக்கிறது. திறந்த புண்ணுக்கு மருந்து செய்கிறவர் வாசனை சேர்க்க மாட்டார்.

அம்மாவைப் பொறுத்தவரை எண்ணூறு ரூபாயை விட நாள்தான் முக்கியம். பன்னிரண்டாவது நாளில் வெளுத்து நிற்கிற இடம் ஆழமான காயமாக இருக்கலாம். அடுத்த கட்டுக்குப் போகும்போது சர்ஜனிடம் நேரடியாகக் கேளுங்கள்: ‘இந்த இடம் மூன்று வாரத்துக்குள் தானாக மூடுமா, இல்லை தோல் எடுத்து ஒட்ட வேண்டுமா?’ ஒட்ட வேண்டும் என்று சொன்னால் பயந்து தள்ளிப்போடாதீர்கள், தள்ளிப்போடுவதில்தான் தழும்பு தடிக்கும். அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை, பார்த்திருக்காவிட்டால் பார்த்துவிடுங்கள். டெட்டனஸ் ஊசி போட்டதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். முட்டை, மீன், பருப்பு நன்றாகக் கொடுங்கள், ‘புண்ணுக்கு ஆகாது’ என்று பத்தியம் போட்டுப் புரதத்தை நிறுத்திவிட வேண்டாம். காய்ச்சல், நாற்றம், சுற்றிலும் சிவந்து பரவுதல் இருந்தால் அடுத்த கட்டு நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே கிளம்புங்கள். மணிக்கட்டையும் விரல்களையும் டாக்டர் சொன்ன அளவுக்குத் தினமும் மடக்கி நீட்டச் சொல்லுங்கள், வலிக்கிறது என்று அப்படியே தொங்கப்போட்டால் இறுகிவிடும்.

புண் முழுதாக மூடிய பிறகு பேச்சு மாறும். அரிப்பு நிறைய இருக்கும், தேங்காய் எண்ணெய் போதும். வெயில் படாமல் முழுக்கைச் சட்டையோ துணியோ போட்டு மூட வேண்டும், விடிலி அடுப்புச் சூட்டிலிருந்தும் சில மாதம் தள்ளி இருக்கட்டும். தடிக்க ஆரம்பித்தால் சிலிக்கான் ஜெல் ஷீட், அழுத்தமான கையுறை என்று டாக்டர் எழுதித் தருவார். அந்தக் கட்டத்தில் வல்லாரை கிரீம் போட்டுப் பார்க்க அம்மா ஆசைப்பட்டால் நான் தடுக்க மாட்டேன். முதலில் இடது கையில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இரண்டு நாள் தடவிப் பார்க்கட்டும். மஞ்சள் சேர்ந்த கிரீம் சிலருக்கு ஒவ்வாமை தரும், சேலையில் கறையும் பிடிக்கும்.